ஆள்நிக்கான் பள்ளத்திலிருந்து வந்தவர்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். கடை ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவேன். மாமியாரும் மருமகளும் போடுகிற சண்டை, பஸ்ஸில் செருப்பைத் தொலைத்தவன் பட்ட பாடு, இந்த மாதிரி. பயந்துகொண்டே எழுதுகிற கதை இதுதான் முதல்.

பக்கத்து வீட்டு சுந்தரபாய் அக்கா போன செப்டம்பரில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். கையில் ரேடியோ இல்லை.

“தம்பி, நீங்க எழுதுதது அச்சுல வருதுல்லா?”

“எப்பவாவது வரும்க்கா.”

“எத்தன பேரு வாசிப்பாக?”

ஆயிரக்கணக்கில் என்று அளந்துவிட்டேன். (பத்திரிகை ஆசிரியருக்கு: தயவுசெய்து இந்த வரியை வெட்டிவிடாதீர்கள்.)

“அப்ப எங்க கதைய எழுதுங்க. அதுல எங்க வீட்டுக்காரரு பேரப் போடணும். நெசப் பேரு.”

“எதுக்குக்கா?”

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ரெண்டு வருசம் முன்ன மான் காட்டுக்குப் போனோம்லா? அந்தப் பள்ளத்துக்குள்ள அவுக போனாக. வெளிய வந்தது அவுகதானான்னு எனக்குத் தெரியல தம்பி.”

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகம் அப்படி இருந்தது.

2

முதல் வரிக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீணாய்ப் போனவற்றையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: “குருவிகுளத்துக்கும் இளையரசனேந்தலுக்கும் நடுவே, கரிசலும் உடைமரமுமாய்க் கிடக்கிற பூமியில், வெளிமான்களுக்காக வனத்துறை வேலி போட்டுக் காக்கிற ஒரு காடு உண்டு. அங்கே இயற்கை அன்னையானவள் தன்

இயற்கை அன்னை வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அங்கே நடந்த காரியத்துக்கு எந்த அன்னையும் பொறுப்பில்லை.

தொடக்கம் இரண்டு: “ஞானையா என்ற பூகோள வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில்

ஞானையா நான் வைத்த பொய்ப்பெயர். பொய்ப்பெயரைப் போட்டால் இந்தக் கதையை எழுதியே பிரயோசனமில்லை. ஏன் என்பது பின்னால் வரும். அதுவரை அவர் ‘சார்’. மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது.

தொடக்கம் மூன்று: “அந்தப் பள்ளத்தில் ஆட்கள் நிற்கிறார்கள்.”

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

வேலிக்கு உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் கரிசல் மண் சட்டென்று நின்றுபோகும். தரை தாழ்ந்து ஒரு பெரிய பள்ளம். மண் சாக்பீஸ் மாதிரி வெளுப்பு. அந்த வெளுப்பிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூண் தூணாக எழும்பி நிற்கிறது மண். கறையான் புற்று என்றால் உள்ளே கறையான் இல்லை. கல் என்றால் நகம் பட்டாலே உதிர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம்தான். எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும். புல் முளைக்காது. மான் இறங்காது. மெட்ராஸிலிருந்து படித்தவர்கள் வந்து படம் பிடித்து, தங்களுக்குள் வாக்குவாதம் செய்துவிட்டுப் போனதாகக் கேள்வி. சுற்றுப்பட்டிக்காரர்கள் அதற்கு ஆள்நிக்கான் பள்ளம் என்று பேர் வைத்ததோடு சரி. அதற்கு மேல் அந்தப் பக்கம் பேச்சையும் கொண்டுபோவதில்லை.

(வரைபடத்தில் தேட வேண்டாம். பேரையும் வழியையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். உங்கள் நல்லதுக்குத்தான்.)

இன்னொன்று, சத்தம். பள்ளத்துக்குள்ளே நாலு எட்டு தள்ளி நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. விழுந்தால் வேறு திசையிலிருந்து விழும்.*

* சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். இதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். என்னிடம் இல்லை. எழுதுகிறவன் பார்க்காமல் எழுதலாமா என்று ஒரு நாள் பட்டப்பகலில் புறப்பட்டுப் போனேன். பள்ளத்தின் விளிம்புவரை போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. கட்டிக் கொண்டுபோன தயிர்ச்சோற்றைத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

3

அன்றைக்கு நடந்தது இது. அக்கா சொன்னபடியே சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மே மாத லீவு. சாருக்கு அந்தப் பள்ளத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. எலுமிச்சைச் சோறும் கூஜா நிறையத் தண்ணீருமாக இருவரும் குருவிகுளம் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கூஜாவை அக்கா சுமந்தாள். சார் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வேலி வாசலில் வனத்துறை வாட்சர் சேக் மைதீன் நின்றிருந்தார். கடையநல்லூர்க்காரர். அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“பள்ளத்துக்குள்ள எறங்குனா ரெண்டு பேரும் கையப் பிடிச்சிக்கிட்டுப் போங்க சார். வெலகிட்டீங்கன்னா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. பேரு சொல்லாம மட்டும் கூப்பிட்டுராதீங்க.”

“கூப்பிட்டா என்னவே பண்ணும்?” என்றார் சார்.

“எனக்கு முன்னால இருந்த வாட்சர் எங்கிட்ட சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லுதேன். நான் அவருகிட்ட காரணம் கேக்கல சார். கேட்டிருக்கணும்.”

கையைப் பிடித்துக்கொள்ளவாம்! இவர்களுடைய கல்யாண போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். அதிலேயே இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் சார் பத்தடி முன்னால் போவார், அக்கா பின்னால் போவாள். பள்ளத்திலும் அப்படித்தான் இறங்கினார்கள்.

சார் ஒவ்வொரு தூணையும் தட்டித் தட்டிப் பார்த்தார். “காத்து அரிப்பு. வேற ஒரு மண்ணும் இல்ல,” என்றார். ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அக்காவும் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கம் சார் இல்லை.

வெள்ளை மண்ணும் வெள்ளை வெயிலும் முதுகு காட்டி நிற்கிற தூண்களும்தான் இருந்தன. அவளுக்குள்ளே ஒரு

(இல்லை. அவளுக்குள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.)

அவள் கூப்பிட வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதலாகப் புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள், இவர்களைப் போன்ற வேதக்கார கிறிஸ்தவர்களானாலும் சரி. ஒரு பிள்ளை இருந்திருந்தால் ‘இன்னார் அப்பா’ என்றாவது கூப்பிட்டிருப்பாள். பிள்ளை இல்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் சார் ஒரு வாரம் கழித்ததில்லை.

வாட்சர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. பழகின வார்த்தைதான் வந்தது.

“ஏங்க... ஏங்க...”

காலடிச் சத்தம் கேட்டது. சார் போன திசையில் அல்ல. அவளுக்குப் பின்னால்.

“இங்கனதான இருக்கேன். பயந்துட்டியா?”

திரும்பினாள். சார் நின்றார். சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. அவள் கையிலிருந்த கூஜாவை வாங்கினார். குடிக்கவில்லை. மூடியைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார்.

“மொத மடக்கு என்னைக்கும் அவுகளுக்குத்தான் தம்பி,” என்றாள் அக்கா.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. சார் பேரில் அல்ல, அக்கா பேரில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தப் பாத்திரத்தை நம்பிக் கதையை எழுதலாமா?

நேரடியாகவே கேட்டுவிட்டேன். “அக்கா, வழி தப்பிப் பயந்த மனுஷன் மனசு மாறியிருக்கலாம்லா? இதுல பயப்பட என்ன இருக்கு?”

“நீங்க பக்கத்து வீடுதான தம்பி. எங்க வீட்டுல முன்ன தட்டு பறக்குத சத்தம் கேட்டதில்லையா?”

கேட்டிருக்கிறேன். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு முற்றத்தில் கிடக்கும். இந்த இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

“இப்ப என்ன வச்சாலும் சாப்பிடுதாக. மீன் வாங்குனா நடுத்துண்ட எனக்கு வைக்காக. ‘நீ சாப்பிட்டியா’ன்னு கேக்காக. கோயிலுக்குப் போனா என்னைய முன்னால விட்டுட்டு பின்னால வாராக. எனக்குத் திரும்பிப் பாக்கவே நடுங்குது.”

“உடம்புல ஏதாவது வித்தியாசம்...”

“தழும்பு இருக்கு. பல்லு இருக்கு. பழைய கதையெல்லாம் சரியாச் சொல்லுதாக. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நல்லவுகளா இருக்காக தம்பி. அதான் பயமா இருக்கு. எம் புருஷன் நல்லவரு இல்ல. ஆனா அவருதான் எம் புருஷன்.”

அதன் பிறகு அவளைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் சொன்னாள்.

“ராத்திரி ஜெபத்துல ‘ஆண்டவரே, எம் புருஷனக் காப்பாத்தும்’னு கேக்கேன். எந்தப் புருஷன்னு ஆண்டவருக்குத் தெரியுமா? அவரு இன்னும் அங்கனயே நின்னா? தண்ணி கூஜாவ நாங் கொண்டாந்துட்டேன். யாராவது கூப்பிடுவாகன்னு காத்துக்கிட்டு நிப்பாருல்லா?”

5

வாசகர் கேட்பீர்கள்: வீட்டிலேயே ஒரு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே? நானும் கேட்டேன்.

“வாய் வர மாட்டேங்கு தம்பி. அடுப்படியில தனியா நின்னு சொல்லிப் பாத்தேன். பாதி வருது. பாதியில நின்னுருது. பாதிப் பேருக்குப் பாதி ஆளு வந்துட்டா என்ன செய்ய?”

சரி, ஊரில் வேறு யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களா? யோசித்துப் பார்த்தேன். நீங்களும் உங்கள் தெருவில் ஐம்பதை நெருங்குகிற ஒரு மனுஷனை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். பள்ளிக்கூடத்தில் அவர் பூகோள சார். கோயிலில் வாத்தியாரய்யா. கடைத்தெருவில் அண்ணாச்சி. சொந்தத்தில் மாமா, அத்தான், சித்தப்பா. ஒத்த வயது சோட்டாளிகளுக்கு ‘வே’. பேர் சொல்லிக் கூப்பிடுகிற வயதுள்ளவர்கள் செத்துப்போனார்கள். தபால்காரர்கூட “சார், போஸ்ட்” என்றுதான் வீசிவிட்டுப் போகிறார். பள்ளத்திலிருந்து வந்த பிறகு அவரை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இப்படியும் வந்து முடிகிறது.

நான் கூப்பிட்டிருக்கலாம். அவர் தெருவில் போகும்போது ஒரு தரம் வாயைத் திறந்தேன். வயசில் மூத்தவரை எப்படிப் பேர் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் திரும்பாமல் போய்விட்டால் அப்புறம் அந்தத் தெருவில் நான் எப்படிக் குடியிருப்பேன்?

அக்காவின் யோசனை இதுதான். பேர் அச்சில் வர வேண்டும். முகம் தெரியாத ஆயிரம் பேர் வாசிக்க வேண்டும். அத்தனை பேர் பேரைச் சொன்னால் அந்தப் பள்ளத்துக்குள்ளேயும் கேட்காதா? அவர் அங்கே நின்றால் வரட்டும். இங்கே இருப்பவர்தான் அவர் என்றால் ஒன்றும் ஆகாது, பயமாவது தெளியும். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

6

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் சார் கடைக்கு வந்தார். வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“இது நல்லாத்தான் பாடுது. உங்களப் பாக்கத்தான் வந்தேன். எங்க கதைய எழுதுதீங்களாமே.”

ஈயம் பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. சட்டென்று நான் கவனித்தது, அவர் நான் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்ததைத்தான். பழைய சார் அப்படி நிற்கமாட்டார்.

“அவ என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் தூங்கிட்டேனான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கா. நானும் தூங்குத மாதிரியே கெடக்கேன். பாவம், அவளாவது தூங்கட்டும்னுதான்.”

“சார்... நீங்க...”

கேள்வியை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே முடித்து வைத்தார்.

“எனக்கே தெரியல. எங்க அப்பா செத்த நாளு, கல்யாணம், அவள அடிச்சது, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா பாடம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கு. எனக்கு நடந்த மாதிரி இல்ல. அங்கன ஒரே வெள்ளையா இருந்துச்சு. ‘ஏங்க’ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ பயந்துபோயி கூப்பிடுதாகளேன்னு வந்தேன். அதுதான் எனக்கு நடந்த மாதிரி இருக்குத முத விசயம்.”

எழுந்து ஓடலாம் என்றால் அவர் வாசலை மறைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் மனுஷன் கண்ணில் தண்ணீர். பயமும் பாவமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

“பேரப் போட வேண்டாம்னு சொல்லுதீங்களா சார்?”

“சொல்லல. அங்கன ஒருத்தரு நிக்காருன்னா அது பெரிய பாவம்லா. போடுங்க.” கொஞ்சம் தயங்கினார். “கிறிஸ்மஸ் மட்டும் கழியட்டும். இந்த வருசம் முறுக்கு நான் சுத்தித் தாரேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

அதற்கும் சரி என்றேன். போகும்போது ரேடியோவை மறந்து வைத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை.

7

முடிவுகள்.

அ. அக்கா தைரியமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சார் திரும்பி “என்ன?” என்கிறார். அக்கா அழுகிறாள். சுபம். ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் பேரோடு சேர்ந்து பழைய சாரும் முழுசாகத் திரும்பிவிட்டால்? அன்று ராத்திரியே தட்டு பறந்தால்? கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஆ. அக்கா கூப்பிடுகிறாள். அவர் திரும்பவில்லை. காது கேட்காதவர் மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல்

இதற்கு மேல் எழுத முடியவில்லை. இரண்டு தரம் முயன்றேன்.

இ. அக்கா கூப்பிடுகிறாள். வீட்டுக்குள்ளே இருப்பவர் திரும்புகிறார். அதே நேரம் வெளிவாசல் கொண்டியை யாரோ தூக்குகிறார்கள். இதைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது, பகலில் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்ப் புறவாசலைச் சாத்தினேன். என் வீட்டு வாசலும் அவர்கள் வீட்டு வாசலும் அடுத்தடுத்து.

ஈ. பேர் இல்லாமலே கதையை முடிப்பது. கோழைக்கு இதுதான் லாயக்கு. ஆனால் வெள்ளை வெயிலில் ஒரு மனுஷன், தொண்டை வறண்டு, கோபக்காரன், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நிற்கிறான் என்றால்? நல்லவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டமா?

8

எண்பத்தாறு பிறந்துவிட்டது. சார் கேட்ட கிறிஸ்மஸ் கழிந்தது, புதுவருஷ ஆராதனையும் கழிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எனக்கும் ஒரு தட்டு முறுக்கு வந்தது. கோணல் மாணலாக இருந்தது. நல்ல ருசி.

முந்தாநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. அக்கா சிரிக்கிறாள். சார் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரிக்கிறாள். இத்தனை வருஷம் பக்கத்தில் குடியிருந்தும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

எனக்கு உயிர் வந்தது. கதையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றே நினைத்தேன். இருந்தாலும் கேட்டுவிட வேண்டுமே என்று, அக்கா தண்ணீர் எடுக்க வந்தபோது கேட்டேன்.

“அக்கா, கதை முடியப் போகுது. பேரப் போடட்டுமா, வேண்டாமா?”

குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அது மெல்லப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னையக் கேக்காதீங்க தம்பி. போடுங்கன்னு சொன்னா இவுகளுக்குத் துரோகம். வேண்டாம்னு சொன்னா அவுகளுக்குத் துரோகம்.”

இவுக, அவுக. இரண்டு பேர் என்று அவள் மனசு எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

“நாஞ் சொல்ல மாட்டேன்,” என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, சார் போடச் சொல்லிவிட்டார். அக்கா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நான் பயந்தாங்கொள்ளி, என்னால் முடியாது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

கடைசி வரியாகப் பேரை மட்டும் தனியாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு எதுவும் அந்த வரியில் இருக்காது. வேண்டாம் என்று தோன்றினால் இங்கேயே பக்கத்தை மூடிவிடுங்கள். பக்கத்து வீட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நாள் கேட்கும். கூப்பிடத்தான் வேண்டும் என்று தோன்றினால் கீழே பாருங்கள். வாய்விட்டு வாசிக்க வேண்டுமா, மனசுக்குள் வாசித்தாலே கேட்டுவிடுமா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கதவைத் தாழ்போட வேண்டியதில்லை. அவர் வந்தால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்.

என் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பவுல்பாண்டியன்